மைக்காரர் வீட்டுக் குரல்

மைக்காரர் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் கடைசியில் ஜெயிப்பது இஸ்திரிப் பெட்டிதான். முன்னறைச் சுவரில் இருப்பது ஒரே ஒரு பிளக். அதில் அவளுடைய இஸ்திரிப் பெட்டி இருக்கும், இல்லாவிட்டால் அவருடைய கம்ப்யூட்டர் இருக்கும். இரண்டையும் சேர்த்து மாட்டினால் ஃபியூஸ் போய்விடும். பகலில் பெட்டி, பொழுது சாய்ந்தபின் கம்ப்யூட்டர் என்று பேச்சு. ஆனால் கோபம் பொழுது பார்த்தா வருகிறது? பகலில் அவருக்குக் கோபம் வந்தால் பெட்டியின் வயரை உருவிவிட்டுக் கம்ப்யூட்டரை மாட்டி உட்கார்ந்து, தட்டித் தட்டி அவளைத் திட்டுவார். அவள் வாயால் திருப்பிக் கொடுப்பாள். ஒரு கட்டத்தில் பொறுமை போய், "உங்களோட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல, வேலை கெடக்கு" என்று அவருடைய பிளக்கை வெடுக்கென்று பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் செருகுவாள். பாதி வார்த்தையில் அவர் குரல் அறுந்துபோகும். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தால் வெறும் உதடுதான் அசையும்.

கேட்பவர்கள் இவள் என்ன கல்நெஞ்சக்காரி என்று நினைக்கலாம். அப்படியெல்லாம் இல்லை. அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகியவள் அவள். கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகத்தான் அவருக்கு மூச்சு. அதைச் சுத்தம் செய்வதும், அதன்மேல் கட்டுகிற மெல்லிய துணியைத் துவைத்துத் தேய்த்து வைப்பதும், கஞ்சியைக் கட்டியில்லாமல் கடைந்து கொடுப்பதும் அவள் பாடு. ஆனால் சண்டையில் மட்டும் நோயாளி என்று சலுகை கிடையாது. சலுகை காட்டினால் அவருக்குக் கோபம் இன்னும் ஏறும் என்பது அவளுக்குத் தெரியும்.

பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பிள்ளை அழுதுகொண்டு விசாரணை அறையில் நிற்கிறது என்று வாலிபத்திலிருந்து தலை நரைக்கும் வரை சொன்னார். அவருடைய பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. மைக்காரர்தான். அவள் இஸ்திரிக்காரம்மா. பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்த்ததே கிடையாது. ஆனால் கடையில் நின்று "ஒரு டீ" என்று சொன்னால் போதும், வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஊருக்கே வாயாக இருந்த அந்த மனுஷனுக்குத்தான் தொண்டையில் புற்றுநோய் வந்தது.

குரல்வளையை எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொன்னபோது, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு டாக்டரம்மா பக்கத்தில் இருந்தார். "எடுக்கறதுக்கு முன்னாடி உங்க குரல்ல வேணுங்கற வார்த்தையெல்லாம் பதிவு பண்ணி வச்சுக்குங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல தட்டினா உங்க குரலே பேசும்" என்று ஒரு புரோகிராமும் கொடுத்தார். அவளுடைய தம்பி, செல்போன் கடையில் வேலை பார்ப்பவன், எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். மைக்காரர் உள்ளறை ஜன்னலை அடைத்து, போர்வையைத் தொங்கவிட்டு, ஆபரேஷன் நாள் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தார். தண்ணீர் என்றால் ஒரு ஃபைல், அதற்குத் தண்ணீர் என்றே பெயர். வலிக்கிறது என்றால் ஒரு ஃபைல். எழுத்தைத் தட்டினால் புரோகிராம் அந்தப் பெயருள்ள ஃபைலைத் தேடி எடுத்துப் பேசும்.

எல்லாம் சரிதான், ஒரே ஒரு குறை. மைக் முன்னால் உட்கார்ந்ததும் அவருக்குப் பழக்கதோஷம் வந்துவிட்டது. அத்தனையையும் அறிவிப்புக் குரலில் சொல்லி வைத்துவிட்டார். "கஞ்சியில், உப்பு, குறைவாக, உள்ளது" என்று கம்ப்யூட்டர் சொல்லும்போது, அடுத்து எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லப்போகிறதோ என்றிருக்கும். "பொண்டாட்டிகிட்ட பேசறீங்களா, இல்ல பிரயாணிங்ககிட்ட பேசறீங்களா?" என்று அவள் கேலி செய்வாள். கேலிதான். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு வருத்தம் இருந்தது. அவள் குடும்பம் நடத்தியது அந்தக் குரலோடு அல்ல. வீட்டில் அவர் பேசுவது வேறு மாதிரி, கொஞ்சம் கரகரப்பாக, வார்த்தையை முழுங்கி முழுங்கி. அந்தக் குரல் ஆபரேஷனோடு போனது போனதுதான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அன்றைக்கு வந்த சண்டை ஆஸ்பத்திரி விஷயமாக. தாடைக்குக் கீழே புதிதாகச் சின்னக் கட்டி ஒன்று அவள் கைக்குத் தட்டுப்பட்டது. கழுத்துத் துணியை மாற்றும்போது கண்டுபிடித்தாள். டாக்டருக்குப் போன் செய்தாள். ஒரு தடவை கூட்டி வாருங்கள், டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அதைச் சொன்னதும் அவர் எழுந்து வந்து பெட்டியின் வயரை உருவினார்.

"நான், வர, இயலாது" என்றது கம்ப்யூட்டர்.

"இயலாதாம், இயலாது! ஏன் இயலாது? என்ன பெரிய சோலி இருக்கு உங்களுக்கு?"

"நான், வர, இயலாது."

"சின்னப் பிள்ளையா நீங்க? ஒரு ஊசியைக் குத்தி எடுக்கப் போறாங்க, அவ்வளவுதானே."

"நான், வர, இயலாது. நான், வர, இயலாது. நான், வர,"

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். மழைக்காலம். காயாத துணிகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. பெட்டியை மாட்டிச் சூடு ஏறியதும் ஈரச் சட்டையின் மேல் அழுத்தினாள். ஆவி புஸ்ஸென்று எழுந்தது. அவர் கொஞ்ச நேரம் கருத்த திரையையே பார்த்துவிட்டு, எழுந்து போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் அவர் கம்ப்யூட்டரைப் போட்டபோது வழக்கமான படம் வரவில்லை. கருப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக இங்கிலீஷ் வரிகள் ஓடி, ஓரிடத்தில் நின்று, ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மினுக்கியது. அவர் கையைத் தட்டி அவளைக் கூப்பிட்டார். தான் பிளக்கைப் பிடுங்கியதாலோ என்று பட்டாலும் அவள் வீம்பாக, "பழைய சாமான், அப்படித்தான் மக்கர் பண்ணும். தம்பியைக் கூப்பிடறேன்" என்றாள்.

தம்பி வரும்போது ராச்சாப்பாட்டு நேரம். அக்கா வீட்டுக்கு வந்தால் அவித்த முட்டை இல்லாமல் எழுந்திருக்க மாட்டான். வலது கையில் முட்டை, இடது கையால் கீபோர்டு.

"ஒண்ணுமில்ல மாமா. டிஸ்க்ல ஏதோ எரர். அதுவே சரி பண்ணிக்கட்டுமான்னு கேக்குது. ஆமான்னு சொன்னா முடிஞ்சுது" என்றான்.

"நல்லாப் படிச்சுப் பாத்துட்டு அமுக்குடா."

"என்னக்கா படிக்கறது? வரிசையா ஒரே கேள்வியைத்தான் கேக்குது. ஆமாங்கறதுக்கு ஒய். அமுக்கிக்கிட்டே இருந்தா தானா ஓடும். உப்பு இருக்கா?"

அவள் உப்பை எடுத்து வைத்தாள். அவன் இடது கட்டைவிரலால் அந்த ஒரே எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு முட்டையை உப்பில் தொட்டுத் தின்றான். திரையில் வரிகள் மளமளவென்று ஏறிக்கொண்டே போயின. மைக்காரர் ஒரு முறை அவன் கையைத் தொட்டு, நிறுத்து என்பதுபோல் ஜாடை காட்டினார். "பயப்படாதீங்க மாமா, நல்லா ஓடுது பாருங்க" என்றான். நல்லபடியாகத்தான் ஓடியது. கடைசியில் கம்ப்யூட்டர் தானே அணைந்து எழுந்து, வழக்கமான படமும் வந்துவிட்டது. தம்பி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "பாத்தீங்களா? இதுக்குப் போயி முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க."

மைக்காரர் உட்கார்ந்து, தண்ணீர் என்று தட்டினார்.

சத்தம் இல்லை. அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது. வலிக்கிறது என்று தட்டினார். அதே கட்டம். நன்றி. அதே கட்டம். மச்சான் வந்தால் கேலி செய்வதற்கென்றே 'அறிவாளி' என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார். அதையும் தட்டிப் பார்த்தார். அதுவும் இல்லை. தம்பிக்கு முகம் செத்துப்போனது. எழுதுவதற்கு வைத்திருக்கும் சின்ன வெள்ளைப் பலகையை அவள் எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மழையோடு மழையாக ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார்கள். தம்பி தலையில் சுமந்து வந்தான். பாவம், அவனும் தூங்கியிருக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை. சுவரெல்லாம் வயிறு திறந்த கம்ப்யூட்டர்கள். ரிப்பேர் பார்ப்பவள் ஒரு பெண், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜைமேல் தேடிக்கொண்டிருந்தாள்.

"தலைமேல இருக்கும்மா" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"நல்லவேளை சொன்னீங்க. இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் தேடியிருப்பேன்." பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இதுல யாரு கை வச்சது?"

தம்பி தொண்டையைச் செருமினான். "கேட்டுச்சு, ஆமான்னு சொன்னேன்."

"என்ன கேட்டுச்சுன்னு பாத்தீங்களா?"

"சரி பண்ணவான்னு…"

"சரி பண்ணவான்னும் கேட்டிருக்கும். நடுவுல நடுவுல, இது எனக்குப் புரியல, துடைச்சுடவான்னும் கேட்டிருக்கும். நீங்க எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு தலையாட்டியிருக்கீங்க. டிஸ்க்கே வேற தேஞ்சு கிடக்கு. முதல்ல உள்ள இருக்கறதை அப்படியே வேற டிஸ்க்குக்கு நகல் எடுத்திருக்கணும். எது செய்யறதா இருந்தாலும் நகல்லதான் செய்யணும்."

"ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சும்மாவா சொன்னாங்க" என்று தம்பி தன்னைத்தானே நொந்துகொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

ரிப்பேர்காரி அடுத்ததாகக் கேட்டாள். "இது இப்படி ஆகறதுக்கு ஒரு காரணம் இருக்கும். ஓடிக்கிட்டு இருக்கும்போது கரன்ட்டு போகுமா? இல்ல யாராவது முறையா அணைக்காம பிளக்கை அப்படியே புடுங்கற வழக்கம் உண்டா?"

இஸ்திரிக்காரம்மாவுக்குச் சண்டைகளெல்லாம் ஞாபகம் வந்தன. ஒரு தடவையா இரண்டு தடவையா! ஒவ்வொரு சண்டைக்கும் பிடுங்கியிருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் மைக்காரர் முன்னால் நகர்ந்து, தன் நெஞ்சில் விரலால் தட்டிக் காட்டினார். நான்தான் என்று.

"நீங்களா? ஏன் சார்? விட்டு விட்டுப் புடுங்கினா அது எப்படித் தாங்கும்?"

அவர் சிரித்துக்கொண்டே, புத்தி கெட்டுப்போய்ச் செய்தேன் என்பதுபோல் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றினார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவர் பக்கம் திரும்பாமல், ஒழுகும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஃபைல் கொஞ்சம் இருக்கும்மா" என்றாள் ரிப்பேர்காரி. "ஆனா பேர் எதுவும் இல்ல. நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"துணி தேய்க்கறேன்."

"அப்ப உங்களுக்குப் புரியும். வீடு வீடா வர்ற துணிக்குக் குறி போடுவீங்கல்ல? குறி எல்லாம் அழிஞ்சுபோயி, அத்தனை துணியும் ஒரே மூட்டையில கெடந்தா எப்படி இருக்கும்? அந்த மாதிரி கெடக்கு. கிழிஞ்சதும் இருக்கும், காணாமப் போனதும் இருக்கும். நான் முடிஞ்ச மட்டும் தோண்டி எடுக்கறேன். எது எதுன்னு நீங்கதான் ஒவ்வொண்ணா கேட்டுப் பேர் வைக்கணும்."

"குரல் வந்துடுமா?"

"எவ்வளவு வரும்னு இப்ப சொன்னா அது பொய்யாப் போயிடும்மா."

அதற்குப் பிறகு வீட்டில் இருந்த நாட்கள் நகரவே இல்லை. மழையும் விடவில்லை. உள்ளறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி அடுத்த வீட்டுச் சட்டைகளையும் எதிர்த்த வீட்டுப் போர்வைகளையும் காயப்போட்டிருந்தாள். தேய்த்தாலும் தேய்த்தாலும் ஈர வாடை போகவில்லை. பிளக் இப்போது முழுக்க முழுக்க அவளுக்கே. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் கையை நாலு அடி அடிக்க வேண்டும்போல் இருந்தது.

மைக்காரர் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஆவி அவருடைய மூச்சுக்கு இதம். சும்மா உட்காரப் பிடிக்காமல், தேய்த்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார். முதலில் கோணல் மாணலாக வந்தது. பிறகு காலர் கலையாமல் மடித்தார். பலகையில் மட்டும் எழுத மறுத்தார். தாகம் என்றால் டம்ளரைத் தட்டுவார். பசி என்றால் அடுக்களைப் பக்கம் பார்ப்பார். பேசிப் பிழைத்த மனுஷனுக்கு எழுதிக் கேட்பது பிச்சை கேட்பது மாதிரி இருந்தது.

அவள்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். "இந்தச் சட்டைக்காரர் இன்னும் குண்டாயிட்டார், பொத்தான் எல்லாம் தெறிக்கப் பாக்குது. இல்லீங்க?" என்பாள். பதில் வராது. "ஆமா, உங்களுக்கு என்ன, யார் எப்படிப் போனா என்ன" என்று அவர் சொல்லியிருக்கக்கூடிய பதிலுக்குத் தானே மறுபதிலும் சொல்லிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். வாயை மூடிக்கொள்வாள். அப்போது மழைச் சத்தமும், அவர் கழுத்துத் துணிக்குள் காற்று போய் வரும் சத்தமும்தான் கேட்கும். அறிவிப்புக் குரல் என்று கேலி செய்தோமே, அதுவாவது இருந்ததே என்று ஏங்கினாள். ஆஸ்பத்திரிப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

ரிப்பேர்காரி கூப்பிட்டு அனுப்பியபோது தம்பிதான் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தான். ரிப்பேர்காரியும் கூடவே வந்தாள், வேலையைச் செய்து காட்டிவிட்டுப் போக.

"புது டிஸ்க் போட்டிருக்கேன். எடுக்க முடிஞ்சது எல்லாம் இந்த ஒரே இடத்துல இருக்கு. பேருக்குப் பதிலா வெறும் எண்தான். ஒண்ணை அமுக்குங்க, கேளுங்க, என்ன வார்த்தையோ அதைப் பேரா அடிங்க" என்று செய்து காட்டினாள். பிறகு சற்றுத் தயங்கினாள். "இன்னொண்ணு. டிஸ்க்கைத் துருவும்போது இருக்கறது மட்டும் வராதும்மா. சார் எப்பவோ வேண்டாம்னு அழிச்சதும் சேர்ந்து வரும். மேல ஏதாவது எழுதப்படாத வரைக்கும் அழிச்சது அங்கேயேதான் கெடக்கும். தேவையில்லாததைத் தள்ளிடுங்க."

இஸ்திரிக்காரம்மா சூடாக டீ கொடுத்தாள். குடித்துவிட்டு ரிப்பேர்காரி கிளம்பினாள். தம்பி, "நானும் கூட இருந்து பேர் அடிக்கட்டுமாக்கா?" என்று கேட்டான். "நீ எதையும் அமுக்காம இருந்தாலே புண்ணியம்டா. போ, நாளைக்கு வா" என்று அனுப்பினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனதைப் பார்த்ததும் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

இரண்டு பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் அமுக்கினார். முதல் ஃபைல் கொரகொரவென்று இரைந்துவிட்டு நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில், "தாமதமாக" என்று கணீரென்று அவர் குரல் எழுந்தது. அவள் கையைத் தட்டினாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பெயர் அடித்தார்.

அந்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். வந்தது வேறு, வேண்டியது வேறாக இருந்தது. பழைய ஞாபகத்துக்காகப் பதிந்து வைத்திருந்த நீண்ட பஸ் அறிவிப்புகள் பழுதில்லாமல் வந்தன. பிரயாணிகள் படிக்கட்டில் தொங்க வேண்டாம் என்று முழுதாக வந்தது. தண்ணீர் 'தண்' என்பதோடு நின்றது. 'வலி' வரவில்லை. 'ஆமாம்' இல்லை. 'வேண்டாம்' இல்லை. 'பசிக்கிறது' என்று வரவேண்டிய இடத்தில் 'கிறது' மட்டும் வந்தது. அவர் அதை மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்தார். கிறது, கிறது என்றது கம்ப்யூட்டர். இந்தக் குரலை வைத்துக்கொண்டு ஊருக்கு பஸ் விடலாம், ஒரு வாய் கஞ்சி கேட்க முடியாது. அவர் தோள்கள் தொய்ந்தன. அவளுக்கும் இனி ஒளித்துப் பேச ஒன்றும் இல்லை. அவருடைய குரல் போய்விட்டது. இரண்டாவது தடவையாகப் போய்விட்டது. இந்தத் தடவை எடுத்தது டாக்டர் இல்லை.

"நான்தாங்க கெடுத்தேன்" என்றாள். "எத்தனை தடவை புடுங்கியிருப்பேன். கடையில நீங்க ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

அவர் அவள் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்து லேசாகத் தட்டினார். விடு என்று அர்த்தம். அதே கையோடு அடுத்த ஃபைலையும் அமுக்கினார்.

இருமல் சத்தம் வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, "ச்சே, சனியன். மறுபடி முதல்லேருந்தா" என்று ஒரு குரல்.

கரகரப்பாக, வார்த்தையை முழுங்கி. வீட்டுக் குரல்! அவரும் திகைத்துப்போய்த் திரையைப் பார்த்தார். சரியாக வராததை எல்லாம் அவர் அப்போதைக்கு அப்போதே அழித்துவிட்டுத் திரும்பப் பதிவார். சின்னச் சத்தம் கேட்டாலும் அது கழிவு. அழித்த கழிவுதான் இப்போது பேசியது. அவள் எட்டி, தானே அடுத்ததை அமுக்கினாள். அடுத்த சிலவற்றில் இரைச்சல். பிறகு, "தயவு செய்து" என்று அறிவிப்புக் குரல் ஆரம்பித்ததும் எங்கேயோ பாத்திரம் விழுந்தது. "ஏன்டி, அங்க என்ன பானை உருட்டற? ரெக்கார்டிங் போகுதுல்ல?" உடனே தூரத்தில் அவளுடைய குரல். "பால் பொங்கிடுச்சுங்க!" "பால் பொங்கினா பொங்கட்டும், நீ பொங்காத."

அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "எப்படிப் பேசறீங்க பாருங்க, வாய்க்கொழுப்பு" என்றாள். அவர் தோள் குலுங்கியது. கழுத்துத் துணி படபடத்தது. அவர் சிரிப்பது அப்படித்தான்.

இன்னும் சில வந்தன. ஒன்றில் தும்மல். ஒன்றில் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்து, சுருதி போய், தன்னையே திட்டிக்கொண்டார். அவள் எதையும் தள்ளவில்லை. தள்ள வேண்டியவை எல்லாம்தான் அவளுக்கு வேண்டியிருந்தன. அவர் பெயர் அடிப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்ததை அமுக்கினாள். முதலில் ஒன்றும் இல்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. ஆபரேஷனுக்கு முந்திய மூச்சு, மூக்கு வழியாகப் போய் வருவது.

"இந்தா" என்றது அந்தக் குரல். "இங்க கொஞ்சம் வாயேன்."

"என்னங்க?" உள்ளேயிருந்து அவள்.

"சும்மாதான். பக்கத்துல வந்து உக்காரேன். ஒண்ணு சொல்லணும்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போற துணியே இன்னும் தேய்க்காம கெடக்கு. வேலையா இருக்கேன். அப்புறம் சொல்லுங்களேன்."

மறுபடி மூச்சுச் சத்தம். சற்று நேரம் அது மட்டும். பிறகு, "சரி" என்றார். டக்கென்று நின்றது.

அவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அது ஆபரேஷனுக்கு முந்தின நாள். அவர் கூப்பிட்டதே அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. அப்புறம் என்று சொன்னாளே, அந்த அப்புறம் வரவேயில்லை. காலையில் ஓடினார்கள், படிவத்தில் கையெழுத்துப் போட்டாள், தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவருக்குப் பேச்சு இல்லை. தேய்த்து அடுக்கிக் கொண்டுபோன துணிகளை ஆஸ்பத்திரியில் யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன சொல்லக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்பதுபோல.

"சொல்லுங்க. ஒண்ணு சொல்லணும்னு சொன்னீங்களே."

அவர் இத்தனை நாளாகத் தொடாத வெள்ளைப் பலகையைத் தானே எட்டி எடுத்தார். மூடியைக் கழற்றினார். கொஞ்சமாகத்தான் எழுதினார். எழுதிவிட்டு அவள் பக்கம் திருப்பாமல் வைத்திருந்தார். அவளே திருப்பிப் படித்தாள்.

'பயமா இருக்குன்னு சொல்லக் கூப்பிட்டேன்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். டாக்டரிடம் வேடிக்கை பேசிக்கொண்டு ஆபரேஷனுக்குப் போன மனுஷன். "வெட்டறதை நேரா வெட்டுங்க சார்" என்று சொல்லிச் சிரித்தவர். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் தைரியமாக இருந்தாள். இப்போது அவள் கை தானாகப் போய் அவர் தாடைக்குக் கீழே அந்தக் கட்டியைத் தொட்டது.

"வரமாட்டேன்னு அன்னிக்கு அடம் புடிச்சீங்களே, அதுவும் இதுக்குத்தானா?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார். அவள் எழுந்து போகவில்லை. வெளியே யாரோ துணிக்கு வந்து கதவைத் தட்டினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும்தாங்க பயமா இருக்கு" என்றாள்.

இத்தனை நாளில் அவளும் அதை அவரிடம் சொன்னதில்லை.